வலிமையா, நெகிழ்வா? சண்டைக் கலைப் பயிற்சியில் தீராத வழக்கு

கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ, மல்யுத்தம், சிலம்பம் என எதைக் கற்பிக்கும் பயிற்சியாளருக்கும் நேரம் போதுவதில்லை. கலையின் நுட்பத்தைச் சொல்லித்தர வேண்டும். மாணவர்களை மோதிப் பழக விட வேண்டும். மிச்சமிருக்கும் நேரத்தில் அவர்களின் உடலை வளர்க்க வேண்டும். அந்த மிச்ச நேரத்தை எதற்குக் கொடுப்பது என்பதில் நூறாண்டுக்கும் மேலாகக் கருத்து வேறுபாடு இருக்கிறது. பளு தூக்கினால் உடல் இறுகிவிடும் என்பார் ஒருவர். பளு தூக்காத உடல் களத்தில் உடைந்துபோகும் என்பார் இன்னொருவர். கால் தலைக்கு மேல் உயர நாள்தோறும் நீட்டிப் பழக வேண்டும் என்று ஒரு சாராரும், தசையில் வலு வந்தால் கால் தானே உயரும் என்று மற்றொரு சாராரும் வாதிடுகிறார்கள்.

ஒரே கேள்வியாகத் தோன்றும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வலிமைப் பயிற்சி நெகிழ்வைக் கெடுக்குமா? மூட்டின் இயக்கவீச்சை நீட்டிப் பெறுவதா, சுமை ஏற்றிப் பெறுவதா? பயிற்சிக் கூடத்தில் சேர்த்த வலிமையும் வீச்சும் மோதலின்போது கைகொடுக்குமா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்குப் பாதி விடை கிடைத்திருக்கிறது. மூன்றாவது இன்னும் திறந்தே கிடக்கிறது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்து பேசப்படுவதால்தான் வழக்கு நீள்கிறது என்று தோன்றுகிறது.

கலைக்குள்ளேயே உடல்: மரபின் விடை

மிகப் பழைய விடை இரண்டையும் பிரிக்கவே இல்லை. அகாடா எனப்படும் வட இந்திய மல்யுத்தக் கூடங்களில் மல்லர்களை வளர்த்தவை தண்டால், பஸ்கி, கதாயுதம், கர்லாக்கட்டை ஆகியவை. மல்லர் எடுக்கும் தண்டாலில் மார்பு தரையை உரசி முன்னே சென்று முதுகு வளைந்து எழுகிறது. பின் இடுப்பு மேலே போகிறது. தோள், முதுகு, பின்தொடை மூன்றும் ஒரே அசைவில் நீள்கின்றன, உழைக்கவும் செய்கின்றன. கர்லாக்கட்டை தோளை அதன் வட்டம் முழுவதும் சுமையோடு சுற்றவைக்கிறது. தமிழகத்தின் பழைய கோதாக்களிலும் சிலம்பக் கூடங்களிலும் இதே கருவிகள் புழங்கின. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தினர் வழியாக ஐரோப்பா சென்ற கர்லாக்கட்டை, 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் ஜிம்னாஸ்டிக்ஸின் ஒரு பிரிவாகவும் இடம்பெற்றது.

கேரளத்துக் களரியில் ஆயுதம் தொடுமுன் மெய்த்தாரி. காலை வீசி உயர்த்துவது, தாழ அமர்ந்து நகர்வது, விலங்குகளின் பெயரால் அமைந்த வடிவுகளில் நிலைப்பது என்று அது போகிறது. மழைக்காலத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆசான் காலால் மிதித்துச் செய்யும் உழிச்சலும் பயிற்சியின் அங்கம். ஒக்கினாவாவில் கோஜு-ரியு கராத்தேயை நிறுவிய மியாகி சோஜுன் (1888–1953) மரபில், கல் பொருத்திய கட்டையான சீ-இஷி, விளிம்பை விரல்களால் பற்றித் தூக்கும் ஜாடியான நிகிரி-காமே போன்ற கருவிகள் துணைப் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகின்றன. சான்சின் என்னும் பயிற்சி வடிவத்தில் மூச்சும் தசை இறுக்கமும் நிற்கும் முறையும் ஒன்றாகப் பழகப்படுகின்றன.

இந்த விடையின் பலம், உடல் கலைக்குத் தேவையான அசைவிலேயே வளர்கிறது என்பது. சுமை அளவானது, வீச்சு முழுமையானது, திரும்பத் திரும்பச் செய்யும் எண்ணிக்கை மிகப் பெரிது. இன்றைய ஆய்வுகள் சொல்லும் சில கருத்துகளோடு இது முரண்படவும் இல்லை.

பலவீனங்களும் தெளிவானவை. முதலாவது, சுமையைப் படிப்படியாகக் கூட்டும் வழி இதில் குறைவு. சொந்த உடல் எடையில் நூறு தண்டால் எடுப்பவர் இருநூறுக்குப் போகலாம். அதில் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும் அளவுக்கு உச்ச வலிமை வளர்வதில்லை. இரண்டாவது, பனாரஸ் மல்லர்களின் வாழ்வை ஜோசஃப் ஆல்ட்டர் தம் 1992 நூலில் விவரிப்பதுபோல, அகாடா என்பது உணவு, உறக்கம், ஒழுக்கம் எல்லாவற்றையும் உள்ளடக்கிய முழு வாழ்க்கை முறை. வாரம் மூன்று மாலை வந்துபோகும் மாணவருக்கு அதிலிருந்து உடற்பயிற்சியை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தால் அதே பலன் வருமா என்பது ஐயத்துக்குரியது. மூன்றாவது, பெயர் பெற்ற பயில்வான்களை வைத்து முறையை மதிப்பிடுவதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. 1910இல் லண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவோடு சமன் செய்து, 1928இல் பாட்டியாலாவில் அவரை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்திய பயில்வான் காமாவின் பயிற்சி எல்லோருக்கும் தெரியும். அதே பயிற்சியில் மூட்டு தேய்ந்து விலகியவர்களின் கணக்கு நம்மிடம் இல்லை.

தசை பெருத்தால் வேகம் போகும் என்ற வாதம்

இரண்டாவது விடை வலிமையையே சந்தேகிக்கிறது. கிழக்காசியாவில் இதற்குத் தத்துவப் பின்னணி உண்டு. தாய்ச்சியின் மென்மைக் கோட்பாடும், எதிராளியின் விசைக்கு இடம் கொடுத்து அதையே பயன்படுத்தும் ஜூஜுட்சு மரபும் வலிமையை நுட்பத்துக்குக் கீழே வைத்தன. 1882இல் கோதோகான் என்னும் ஜூடோ கூடத்தைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, சிறிய உடலோடு பெரியவர்களை வீழ்த்தக் கற்றவர். அவர் உடல்வலிமையைப் புறக்கணித்தார் என்று சொல்ல முடியாது. மக்களுக்கான உடற்பயிற்சித் திட்டம் ஒன்றை அவரே வகுத்தார். இருந்தாலும், வலிமையை நாடுவது நுட்பத்தைக் கெடுக்கும் என்ற எண்ணம் ஜூடோ உலகில் பரவலாக வேரூன்றியது.

மேற்கில் இதே முடிவுக்கு வேறு வழியாக வந்தார்கள். பளு தூக்குபவரின் தசை கட்டிப்போய் மூட்டு அசையாது, கை மெதுவாகும் என்பது 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்க விளையாட்டுப் பயிற்சியாளர்களிடையே பொதுவான நம்பிக்கை. ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியின் உடலியங்கியல் அறிஞர் பீட்டர் கார்ப்போவிச்சும் முதலில் இந்த ஐயத்தைப் பகிர்ந்துகொண்டவர்தான். 1951இல் சோர்பாஸும் அவரும் வெளியிட்ட ஆய்வில், பளு தூக்குவோர், தூக்காதோர் என மொத்தம் 600 பேரின் கைச்சுழற்சி வேகம் அளக்கப்பட்டது. பளு தூக்குவோரே வேகமாக இருந்தார்கள். வேகமானவர்கள்தான் பளு தூக்க வந்தார்களா என்ற கேள்வியை அந்த ஆய்வால் தீர்க்க முடியாது. ஆனால் பளு வேகத்தைக் கொல்லும் என்ற உறுதி அதோடு தளர்ந்தது.

ஜூடோவில் திருப்பம் களத்திலேயே வந்தது. 1961இல் பாரிஸில் நெதர்லாந்தின் அன்டோன் ஹேசிங்க், ஜப்பானியர் அல்லாத முதல் உலக சாம்பியன் ஆனார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் எடைப் பிரிவற்ற போட்டியில் கமினாகா அகியோவை அவர் அமுக்கிப் பிடித்து வென்றார். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரமும், பளுப் பயிற்சியில் திரண்ட உடலும், அப்பழுக்கில்லாத நுட்பமும் ஒரே ஆளிடம் சேரும்போது என்ன ஆகும் என்பதை ஜப்பான் பார்த்தது. அதே ஒலிம்பிக்கில் அதிக எடைப் பிரிவில் தங்கம் வென்ற இனோகுமா இசாவோ, அப்பிரிவுக்குச் சிறிய உடல்வாகு உள்ளவர். டோக்கியோவில் வாழ்ந்த அமெரிக்கப் பயிற்சியாளர் டான் டிரேகர் (1922–1982) காட்டிய வழியில் அவர் பளுப் பயிற்சி செய்தார். இருவரும் சேர்ந்து 1966இல் ஜூடோவுக்கான பளுப் பயிற்சி குறித்து ஒரு நூலும் எழுதினார்கள்.

தசை இறுகும் என்ற வாதம் அதன் பழைய வடிவில் இன்று நிற்காது. எனினும் அதன் மையத்தில் ஓர் உண்மை இருந்தது. முதுகெலும்பு உயிரியந்திரவியல் அறிஞர் ஸ்டூவர்ட் மெக்கில்லும் அவர் குழுவினரும் தேர்ந்த கலப்புச் சண்டை வீரர்களின் அடியையும் உதையையும் 2010இல் ஆராய்ந்தார்கள். நல்ல அடியில் உடல்நடுத் தசைகள் தொடக்கத்தில் ஒருமுறை இறுகுகின்றன. கை அல்லது கால் பறக்கும்போது தளர்கின்றன. இலக்கைத் தொடும் கணத்தில் மறுபடி இறுகுகின்றன. இடையில் வரும் அந்தத் தளர்ச்சிதான் வேகத்தைத் தருகிறது. ஆக, தளர்ந்திரு என்ற பழைய ஆசான்களின் அறிவுரை சரியானதே. அதிலிருந்து, வலிமை கூடாது என்று பெறப்பட்ட முடிவுதான் தவறு. விரைவாகத் தளரும் திறனைப் பளுக்கூடம் தானாகக் கற்றுத்தருவதில்லை என்ற அளவில் மென்மைக் கட்சியின் எச்சரிக்கை இன்றும் செல்லும்.

நீட்டலின் காலம்

மூன்றாவது விடை, நெகிழ்வைத் தனியாக எடுத்து நீட்டிப் பெறச் சொன்னது. 1940களில் மருத்துவர் ஹெர்மன் காபட், இளம்பிள்ளைவாதம் போன்ற நரம்புப் பாதிப்புகளுக்காக வளர்த்த சிகிச்சை முறை பின்னாளில் பி.என்.எஃப். என்ற பெயரில் விளையாட்டுக்குள் வந்தது. தசையை நீட்டிய நிலையில் இறுக்கி, தளர்த்தி, மேலும் நீட்டுவது அதன் சாரம். 1970களிலிருந்து ஓட்டக்காரர்கள் முதல் கராத்தே மாணவர்கள் வரை எல்லோருடைய வார்ம்-அப்பிலும் அசையாமல் நீட்டிப் பிடிக்கும் பயிற்சி நிலைபெற்றது. டேக்வாண்டோவும் கிக்பாக்சிங்கும் உலகெங்கும் பரவிய காலமும் அதுவே. ஸ்ப்ளிட் போட முடிந்த மாணவரே தேர்ந்தவர் என்ற எண்ணம் அப்போது வலுப்பட்டது.

இந்த விடை மூன்று முனைகளில் சோதனைக்கு உள்ளானது. முதலில் காயத் தடுப்பு. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரிடம் நடத்தி 2000இல் வெளியான ஆய்வில், பயிற்சிக்கு முன் நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் காயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ராணுவப் பயிற்சியில் தலையுயர உதை கிடையாது. ஆகவே அந்த முடிவை அப்படியே டேக்வாண்டோவுக்குப் பொருத்துவது மிகையாகலாம்.

அடுத்தது செயல்திறன். டேவிட் பெம் முதலானோர் 2016இல் செய்த தொகுப்பாய்வில், அசையாமல் நீட்டிய உடனே வலிமையும் பாய்ச்சலும் சராசரியாக 3.7 சதவீதம் குறைந்தன. ஒரு தசையை 60 விநாடியோ அதற்கு மேலோ நீட்டியபோது இழப்பு 4.6 சதவீதம், அதற்குக் குறைவாக நீட்டியபோது 1.1 சதவீதம் மட்டுமே. அசைந்து நீட்டும் முறையில் சிறு முன்னேற்றமே தெரிந்தது. இதைக் கேள்விப்பட்டு நீட்டலையே கைவிட்ட பயிற்சியாளர்கள் அவசரப்பட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். சுருக்கமாக நீட்டி, பின் முறையாக உடலைச் சூடேற்றினால் இழப்பு அற்பமானது. நீண்ட நேரம் நீட்டுவதை வகுப்பின் இறுதிக்குத் தள்ளினால் அந்தக் கவலையும் இல்லை.

மூன்றாவது சோதனை ஆழமானது. நீட்டினால் தசை நீள்கிறது என்பது நெடுநாள் விளக்கம். வெப்ளரும் மாக்னுசனும் 2010இல் எழுதிய மதிப்பாய்வு, சில வாரப் பயிற்சியில் கிடைக்கும் கூடுதல் வீச்சின் பெரும்பகுதிக்குக் காரணம் தசை நீள்வதல்ல, இழுவையை உடல் பொறுத்துக்கொள்ளும் அளவு கூடுவதே என்று வாதிட்டது. அப்படியானால் நெகிழ்வுக்கு நரம்பு மண்டலத்தின் அனுமதியும் தேவைப்படுகிறது. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீட்டுபவர்களுக்கு இந்த விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

எலும்பின் வரம்பையும் மறக்கலாகாது. இடுப்புக்குழியின் ஆழமும் அது பார்க்கும் திசையும், தொடையெலும்புக் கழுத்தின் கோணமும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. கால்களைப் பக்கவாட்டில் விரிக்கும்போது ஒரு கட்டத்துக்கு மேல் எலும்பு எலும்பை முட்டும். இடுப்பை முன்சாய்த்தோ தொடையை வெளிப்புறம் திருப்பியோதான் அதைத் தாண்ட முடியும். இதை அறியாத பயிற்சியாளர் மாணவரின் தோளில் ஏறி அழுத்தும்போது நீள்வது தசையாக இருக்க வேண்டியதில்லை. மூட்டு விளிம்பின் குருத்தெலும்பு அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

பளுக்கூடத்தின் வாதம்

நான்காவது விடை, வலிமையே முதலில் என்கிறது. இதன் வேர்கள் சோவியத் ஒன்றியத்தின் விளையாட்டு அறிவியலில் ஆழமாகப் பதிந்தவை. ஃபிலிமோனோவும் குழுவினரும் 120 குத்துச்சண்டை வீரர்களை ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. உயர்தர வீரர்களின் குத்து விசையில் கால் தரும் பங்கு சுமார் 38 சதவீதம் என்றும், கீழ்நிலை வீரர்களிடம் அது சுமார் 17 சதவீதமே என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். எண்களைத் துல்லியமாக நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். ஆனால் குத்து தரையில் தொடங்குகிறது என்ற கருத்தைப் பிந்தைய ஆய்வுகள் மறுக்கவில்லை. தரையைத் தள்ளும் விசையை வளர்க்கப் பஸ்கியும் டெட்லிஃப்ட்டும் இயல்பான வழிகள்.

காயத் தடுப்பிலும் இந்தக் கட்சிக்கு வலுவான சான்று உண்டு. லாவர்சன் முதலானோர் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 25 சோதனைகளையும் 26,610 பேரையும் உள்ளடக்கியது. வலிமைப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தது. நீட்டலுக்கு அத்தகைய பலன் தெரியவில்லை.

நெகிழ்வு என்னவாகிறது? அஃபோன்சோ முதலானோர் 2021இல் 11 ஆய்வுகளை, மொத்தம் 452 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இயக்கவீச்சைக் கூட்டுவதில் வலிமைப் பயிற்சிக்கும் நீட்டலுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. முழு வீச்சில் செய்யும் பளுப் பயிற்சி தசையை நீண்ட நிலையில் உழைக்க வைக்கிறது. சுமையைத் தாங்கியபடி மெல்ல இறக்கும்போது தசைநார்க் கட்டுகளின் நீளம் கூடுவதை அல்ட்ராசவுண்ட் ஆய்வுகள் பின்தொடைத் தசையில் கண்டிருக்கின்றன. முதல் கேள்விக்கான விடை இங்கேதான் கிட்டத்தட்ட முடிகிறது: முழு வீச்சில் செய்யப்படும் வலிமைப் பயிற்சி நெகிழ்வைக் கெடுப்பதில்லை. பாதி இறங்கி எழும் பஸ்கியைப் பற்றி இதே உறுதியைத் தர முடியாது.

இந்த விடையின் பலவீனம், பொதுவான உடலுக்குப் பொருந்தியதைச் சண்டைக் கலைஞரின் உடலுக்கும் நீட்டிவிடுவது. மேற்சொன்ன ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பலரும் சராசரி வீச்சு உடையவர்கள். பக்க உதைக்குத் தேவைப்படும் உச்ச வீச்சைப் பளு மட்டும் தருமா என்பதற்கு அவற்றில் விடை இல்லை. இன்னொரு சிக்கல் களைப்பு. வலிமையையும் தாங்குதிறனையும் ஒரே காலத்தில் கடுமையாகப் பயின்றால் வலிமை வளர்ச்சி தடைப்படும் என்பதை ஹிக்சன் 1980லேயே ஒரு பத்து வார ஆய்வில் காட்டினார். மோதல் பயிற்சியே ஒரு பெரும் தாங்குதிறன் பயிற்சி. அதன்மேல் பளுவை ஏற்றும்போது எது எதைத் தின்னும் என்று பயிற்சியாளர் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது சிக்கல், கலையைப் பளுவோடு கலக்கும் ஆசை. கையில் டம்பெல்லைப் பிடித்துக் காற்றில் குத்துவது பல கூடங்களில் காணப்படும் காட்சி. குத்து செல்லும் திசை கிடைமட்டம். டம்பெல்லின் சுமையோ கீழ்நோக்கியது. உழைப்பது பெரும்பாலும் தோள்தான். கெடுவது குத்தின் பாதையாக இருக்கலாம். அசைவு பார்வைக்கு ஒத்திருப்பது போதாது. விசையின் திசை, அது எழும் வேகம், மூட்டின் கோணம் ஆகியவையும் ஒத்திருக்க வேண்டும் என்று சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி வகுத்த அளவுகோல் இங்கே பயன்படும்.

மூட்டை ஆளும் பயிற்சி: மொபிலிட்டி இயக்கம்

அண்மைக்கால விடை முந்தையவற்றைச் சேர்த்துவைக்க முயல்கிறது. அதன் அடிப்படை எளிது. படுத்திருக்கும் மாணவரின் காலைப் பயிற்சியாளர் தூக்கினால் அது ஓர் உயரம் போகும். மாணவர் நின்றபடி தானே தூக்கி நிறுத்தினால் அதைவிடக் குறைந்த உயரமே போகும். முதலாவது கடன் வாங்கிய வீச்சு, இரண்டாவது சொந்த வீச்சு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதே மொபிலிட்டிப் பயிற்சியின் நோக்கம். வார்சாவில் பயின்ற போலந்துப் பயிற்சியாளர் தாமஸ் கூர்ஸ் தம் 1987 நூலில் இதற்கு முன்னோடியான கருத்தைச் சொன்னார்: வார்ம்-அப் இல்லாமல் உயர உதைக்க முடியாமைக்குத் தசையின் நீளக் குறைவைவிட, நீண்ட நிலையில் அதற்கு வலிமை இல்லாமையே காரணம்.

கனடாவின் ஆண்ட்ரியோ ஸ்பினா, மூட்டை அதன் எல்லை வரை மெல்லச் சுழற்றுவதையும் எல்லையில் நிறுத்தி இறுக்குவதையும் ஒரு முறையாகத் தொகுத்தார். சாம்போ என்னும் ரஷ்ய மல்யுத்த மரபிலிருந்து வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் ஸ்காட் சோனன் மூட்டுச் சுழற்சிகளையும் கர்லாக்கட்டையையும் இணைத்தார். 2001 வாக்கில் பாவெல் சட்சூலினின் எழுத்துகளால் ரஷ்யக் கெட்டில்பெல் அமெரிக்காவில் பரவியது. அகாடாவில் பிறந்த கர்லாக்கட்டை நூறாண்டு கழித்துப் புதிய பெயரோடும் சான்றிதழ் வகுப்புகளோடும் திரும்பி வந்ததை இந்த இயக்கத்தின் ஒரு முரணாகக் குறிப்பிடலாம்.

கருத்தளவில் இந்த விடை ஏற்கத்தக்கது. நீண்ட நிலையில் வலிமையை வளர்ப்பது பயன்தரும் என்பதற்கு மறைமுகச் சான்றுகளும் உண்டு. ஆனால் இந்தப் பெயரிட்ட முறைகளைத் சார்பின்றிச் சோதித்த ஆய்வுகள் குறைவு. விற்பனையும் அறிவியலும் ஒரே மேடையில் பேசுவதால் எது எது என்று பிரித்தறிவதும் கடினம். புகழ்பெற்றவர்களைக் காட்டி முறையை நிறுவ முயல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். இடோ போர்டலின் அசைவுப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்ட கலப்புச் சண்டை வீரர் கோனர் மெக்கிரெகர், 2015 டிசம்பரில் ஜோசே ஆல்டோவை 13 விநாடியில் வீழ்த்தினார். உலகமே அந்தப் பயிற்சியைப் பேசியது. 2016 மார்ச்சில் நேட் டியஸிடம் இரண்டாம் சுற்றில் அவர் தோற்றபோது அதே பயிற்சி கேலிக்குள்ளானது. முதல் முடிவு அதன் மேன்மைக்குச் சான்று இல்லை; இரண்டாவது அதன் தோல்விக்கும் சான்று இல்லை.

கலைக்குக் கலை, உடலுக்கு உடல்

மேற்கண்ட விடைகள் மோதிக்கொள்வதற்கு ஒரு காரணம், ஒவ்வொன்றும் வெவ்வேறு கலையை மனத்தில் வைத்துப் பேசுவது. டேக்வாண்டோவில் இடுப்பு மூட்டின் வீச்சு குறைந்தால் ஆட்டமே குறைகிறது. தலைக்கு விழும் உதைக்குக் கூடுதல் புள்ளி தரும் விதிமுறை அந்தத் தேவையை மேலும் கூட்டுகிறது. ஜூடோவிலும் மல்யுத்தத்திலும் பிடிவலிமை, இழுக்கும் விசை, எதிராளியின் எடையைத் தாங்கும் முதுகு ஆகியவை முன்னுக்கு வருகின்றன. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் முதுகு தரையில் இருக்க, முழங்கால் மார்பை ஒட்டும் நிலையில் வலிமை வேண்டும். குத்துச்சண்டையில் மேல்முதுகின் சுழற்சியும் கால் விசையும் முக்கியம். ஸ்ப்ளிட்டால் பெரிய பயன் இல்லை. சிலம்பத்தில் மணிக்கட்டும் தோளும் நீண்ட நேரம் சுழல வேண்டும், தாழ்ந்த நிலைகளில் கால் சளைக்கக் கூடாது. இவர்கள் எல்லோருக்கும் ஒரே பட்டியலை எழுதித் தருவது, காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே மருந்துச் சீட்டைத் தருவது போன்றது.

போட்டி விதிகளும் விடையை மாற்றுகின்றன. எடைப் பிரிவு இருக்கும் கலையில் பெருத்த தசை ஒரு செலவு. உடல் எடையைக் கூட்டாமல் வலிமையைக் கூட்டுவதே அங்கே தேவை. குறைந்த எண்ணிக்கையில் கனமான பளுவைத் தூக்கி, இடையில் போதிய ஓய்வு கொடுக்கும் முறை அதற்குப் பொருந்தும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

உடல்வாகு இன்னொரு மாறி. இயல்பிலேயே மூட்டுகள் தளர்ந்த மாணவர்கள் உண்டு. விரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால், முன்வளைவு ஆகியவற்றை 9 புள்ளிகளில் மதிப்பிடும் பைட்டன் அளவீடு அவர்களை ஓரளவு அடையாளம் காட்டும். எளிதாக ஸ்ப்ளிட் போடும் இவர்களை வகுப்பின் முன்மாதிரியாக நிறுத்தி மேலும் நீட்டவைப்பது வழக்கம். அவர்களுக்கு வேண்டியதோ வலிமை. எதிர்த்துருவத்தில், நாற்பதைக் கடந்து கலைக்கு வருபவர், நாளெல்லாம் அமர்ந்து வேலை செய்பவர் ஆகியோருக்கு உச்ச வீச்சைவிட அன்றாட வீச்சை மீட்பதே முதல் வேலை. வேகமாக உயரும் பருவத்துச் சிறுவர்களிடம் எலும்பு வளர்ச்சித் தட்டுகள் மூடாத நிலையில், வலுக்கட்டாயமாக அழுத்தி நீட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. அளவான பளுவைச் சரியான முறையில், மேற்பார்வையோடு தூக்குவது அவர்களுக்குத் தீங்கில்லை என்பதே இன்றைய குழந்தைநல, விளையாட்டு மருத்துவ அமைப்புகளின் பொது நிலைப்பாடு.

எதில் உடன்பாடு, எதில் இல்லை

விடைகளின் வேறுபாட்டுக்கு அடியில் சில நடைமுறைகளில் ஓரளவு இணக்கம் உருவாகியிருக்கிறது. தொடக்கத்தில் அசைந்து சூடேறுவது. களைப்பு வருமுன் நுட்பம். அதன்பின் முழு வீச்சில் வலிமை, வாரம் இரண்டு அல்லது மூன்று முறை. நீண்ட நேர நீட்டல் தேவைப்பட்டால் கடைசியில். மாணவரின் கடன் வீச்சையும் சொந்த வீச்சையும் தனித்தனியாக அளந்து, இடைவெளி பெரிதாக இருந்தால் வலிமையையும், இரண்டுமே குறைவாக இருந்தால் நீட்டலையும் முன்வைப்பது. எலும்பு முட்டும் உணர்வுக்கும் தசை இழுபடும் உணர்வுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்கே கற்பிப்பது. இவற்றைப் பெரிய செலவின்றி எந்தச் சிற்றூர்க் கூடத்திலும் செய்யலாம்.

இரண்டாவது கேள்வியில் பாதியே தீர்ந்திருக்கிறது. சராசரி வீச்சுக்கு நீட்டலும் சுமையும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குக் கொண்டுசெல்கின்றன. தலையுயர உதை கேட்கும் உச்ச வீச்சுக்கு இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதற்குச் சான்று போதாது. சண்டைக் கலைஞர்களையே ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகள் அரிது. உச்ச வீச்சை ஆண்டுக்கணக்கில் நாடுவது முதுமையில் இடுப்பு மூட்டுக்கு என்ன விலை வைக்கும் என்பதும் தெளிவாகவில்லை.

மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. பஸ்கியில் கூடிய சுமையை அளக்கலாம், ஸ்ப்ளிட்டில் குறைந்த உயரத்தை அளக்கலாம். எதிராளியின் பிடிக்குள் சமநிலை குலைந்த ஒரு நொடியில் அந்த ஆதாயம் எவ்வளவு பயன்பட்டது என்று அளக்கும் கருவி இல்லை. இருக்கும் சான்றுகள், புதியவருக்குப் பொதுவான வலிமை எதுவாயினும் கைகொடுக்கும் என்றும், தேர்ச்சி கூடக் கூட அந்தப் பலன் சுருங்கி, கலைக்கே உரிய பயிற்சியின் பங்கு பெருகும் என்றும் நினைக்க இடம் தருகின்றன. எந்தக் கட்டத்தில் அந்த மாற்றம் நிகழ்கிறது என்பதை யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அகாடாவின் கர்லாக்கட்டையும் களரியின் மெய்த்தாரியும் முறையான ஒப்பீட்டுச் சோதனைக்குப் பெரும்பாலும் உட்படாமலே இருப்பதும் ஓர் இடைவெளிதான். மரபைப் போற்றுபவர்களும் மறுப்பவர்களும் சான்றின்றியே பேச வேண்டியிருக்கிறது.

இன்றைய நிலையில் மதிப்பிட்டால், வலிமையும் நெகிழ்வும் பகைவர்கள் என்ற கருத்தைக் கைவிடப் போதிய காரணம் உண்டு. இரண்டும் ஒன்றே என்ற புதிய முழக்கத்தை ஏற்க அவ்வளவு காரணம் இல்லை. பயிற்சியாளரின் மிச்ச நேரம் எங்கே போக வேண்டும் என்பது, அந்த மாணவரை அந்தக் கலையில் இப்போது தடுத்து நிறுத்துவது எது என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டறியும் அளவீடுகளைக் கூடங்களுக்குள் கொண்டுவருவதே, எந்த முறை சிறந்தது என்று வாதிடுவதைவிட அடுத்த கட்டத்துக்குப் பயன்படும்.